பத்து வயது நிறையாத குழந்தை

எங்களிடம் ஒரு சான்றிதழ் இருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓரெஸ்தேயும், ஷூ பட்டறையில் மேல்தோல் தைக்கும் அவன் மனைவி லொரெதானாவும், 'வெளிநாட்டைச் சேர்ந்த, பத்து வயது நிறையாத குழந்தை ஒன்றை' வளர்க்கத் தகுதி உள்ளவர்கள் என்று அச்சிட்டு, கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். லொரெதானா நான்தான். பத்து வயது நிறைந்த மறுநாள் காலையில் எங்கள் தகுதி எங்கே போகும் என்று கேட்டேன். அதற்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது என்றார்கள்.

சிரிக்க வேண்டும் என்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

சான்றிதழைக் கொடுத்தது தத்துத் தகுதி வாரியம். மாகாணத் தலைநகரில், பழைய கன்னிமடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் டாக்டர்கள். கல்லூரியில் பட்டம் வாங்கிய அனைவரும் இத்தாலியில் டாக்டர்தான். காய்ச்சல் என்று போனால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தலைவி டாக்டர் பெர்தினி அம்மாளும் ஆய்வாளர் டாக்டர் மென்கோனியும் எங்களை ஒன்றரை வருடம் ஆராய்ந்தார்கள். உங்கள் அப்பாவை நேசித்தீர்களா என்று ஓரெஸ்தேயிடம் கேட்டார்கள். "அவரும் பஸ்தான் ஓட்டினாரு," என்றான். 'பதிலைத் தவிர்க்கிறார்' என்று எழுதிக்கொண்டார்கள். குழந்தை பாஸ்தா வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். "நான் சாப்பிட்டுடுவேன்," என்றேன். 'குழந்தையுடன் போட்டி மனப்பான்மை' என்று எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் எட்டு சனிக்கிழமை வகுப்பு. ஆறாவது சனிக்கிழமை ஒவ்வொரு தம்பதிக்கும் இரண்டு கிலோ கோதுமை மாவுப் பொட்டலம் ஒன்று தந்தார்கள். அதுதான் குழந்தை. ஒரு வாரம் அதைத் தனியாக விடாமல் வளர்த்து, அடுத்த சனிக்கிழமை முழுசாகத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். கூடவே ஒரு வளர்ப்புப் படிவம்: எப்போது தூக்கினீர்கள், என்ன பேசினீர்கள், திருப்பி ஒப்படைத்த தேதி என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஓரெஸ்தே அதற்கு ஒரு குல்லாய் போட்டான். மறுநாள் ஞாயிறு. கோயிலுக்குப் போகும்போது தன் அக்கா இனெஸிடம், "கொஞ்சம் பாத்துக்க," என்று சொல்லி மேசை மேல் வைத்துவிட்டு வந்தான்.

பூசை முடிந்து வந்து பார்த்தால், சமையல் மேசை முழுக்கப் பாஸ்தா பட்டை பட்டையாக வெட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. குல்லாய் நாற்காலியில் கிடந்தது.

"மேசை மேல மாவு இருக்கு, முட்டை இருக்கு, பாத்துக்கன்னு வேற சொல்லிட்டுப் போறீங்க. ஞாயித்துக்கிழமை வேற எதுக்கு மாவை வெப்பாங்க?" என்றாள் இனெஸ். அவள் மேல் தப்பு சொல்ல முடியாது. எங்கள் ஊரில் யாரும் வேறு எதற்கும் வைக்க மாட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் பெர்தினி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "குழந்தையை இழந்ததை எப்படி எதிர்கொண்டீங்க?"

"தக்காளி சாஸ் ஊத்தி," என்றான் ஓரெஸ்தே.

துக்கம் ஆறட்டும் என்று எங்கள் கோப்பை ஐந்து மாதம் நிறுத்தி வைத்தார்கள். இந்த ஐந்து மாதத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்து ஒரு வருடம் கழித்து ஒரு புகைப்படம் வந்தது. பல்கேரியாவில் ஓர் அனாதை விடுதி. பெயர் நெவெனா. வயது ஏழரை. கேமராவை முறைத்துப் பார்த்துக்கொண்டு ஒரு பெண், முன்பல் ஒன்று இல்லை. கூடவே ஒரு தாளில் உயரம், எடை, கால் அளவு முப்பத்து மூன்று என்று இருந்தது. நான் அன்று சாயங்காலம் பட்டறையிலேயே தங்கி, நல்ல கன்றுத்தோலில் முப்பத்து மூன்று அளவில் ஒரு ஜோடி சிவப்பு ஷூ தைத்தேன். இருபத்தாறு வருடத்தில் ஊரில் உள்ள கால்களுக்கெல்லாம் தைத்திருக்கிறேன். என் வீட்டுக் கால் என்று ஒன்றுக்கு அப்போதுதான் தைத்தேன்.

இனி இரண்டே வாரம் என்றார்கள். கோப்பை மொழிபெயர்க்க அனுப்பினார்கள். மொழிபெயர்த்தவருக்கு முத்திரை இல்லை என்று திரும்பி வந்தது. முத்திரை வாங்கப் போனபோது ஆகஸ்ட் வந்துவிட்டது. ஆகஸ்டில் வாரியம் கடலுக்குப் போய்விடும். செப்டம்பரில் திரும்பி வந்த வாரியத்துக்கு எங்கள் கோப்பு எந்த அலமாரியில் என்று மறந்துபோயிருந்தது. கண்டுபிடித்து மறுபடி அனுப்பி, அங்கிருந்து பதில் வந்து சேர்ந்தபோது அடுத்த ஆகஸ்ட். இப்படி இரண்டு வருடம் இரண்டு மாதம். வாரியம் தூங்கலாம், குழந்தை வளராமல் இருக்குமா?

நெவெனா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவளுக்கு ஒன்பது வயது எட்டு மாதம். கால் முப்பத்தாறு. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் பல் துலக்கும் பிரஷ், ஒரு கம்பளிச் சட்டை, அரை ரொட்டி. பையைக் கட்டில் கம்பியில் மாட்டினாள். அலமாரியில் எடுத்து வை என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

வாசல் மணி அடித்தால் எங்கிருந்தாலும் ஓடிப்போய்த் தன் கட்டில் பக்கத்தில் விறைப்பாக நின்று, நகம் தெரிய இரண்டு கையையும் நீட்டிக் காட்டுவாள். தபால்காரர் வந்தாலும் அப்படித்தான். சாப்பாட்டு ரொட்டியில் பாதியைத் தினமும் எங்காவது ஒளித்து வைப்பாள். எங்கள் பாஷையை மூன்று மாதத்தில் பிடித்துக்கொண்டாள். பிடித்ததும் முதலில் கேட்டது இதுதான். சாயங்காலம் எட்டு மணி, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இப்ப யார் வருவாங்க?"

"யாரும் வரல. ஏன்?"

"எட்டு மணிக்கு ஆள் மாறணும்ல. உன் ஷிஃப்ட் முடிஞ்சுதே."

"இங்க ஷிஃப்ட் எல்லாம் கிடையாது. நான்தான் இருப்பேன்."

"ராத்திரிக்கும் நீயா?"

"ஆமா."

"நாளைக்கு லீவா?"

"லீவே கிடையாது."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பாவம்," என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

வந்த நாளிலிருந்து ஒரு வருடம் சோதனைக் காலம். அந்த வருடத்தில் குழந்தையின் சூழல் மாறக்கூடாது என்பது வாரியத்தின் விதி. ஏழரை வயசுக் குழந்தைக்கு என்று நாங்கள் வாங்கி, படம் எடுத்து, கோப்பில் ஒட்டிய சாமான்கள் அப்படி அப்படியே இருக்க வேண்டும். ஒன்று நாற்பது மீட்டர் கட்டில், முயல் விளக்கு, கட்டில் ஓரம் முப்பத்து மூன்று அளவு சிவப்பு ஷூ. அவளுடைய உயரம் ஒன்று நாற்பத்தெட்டு. கால்மாட்டில் பலகை அடித்திருந்ததால் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் படுப்பாள். வேறு கட்டில் வாங்கட்டுமா என்று கேட்டு ஆறு கடிதம் போட்டேன். 'சூழலின் நிலைத்தன்மை குழந்தையின் உரிமை' என்று ஆறு பதில் வந்தது.

சண்டை இல்லாமல் இல்லை. ஒருநாள் பட்டறையிலிருந்து வந்தபோது அவள் அந்தச் சிவப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள். முன்பக்கத்தைக் கத்தரியால் வெட்டியிருந்தாள். பத்து விரலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்தத் தோல் என்ன தோல், அந்தத் தையல் என்ன தையல் என்று கத்தித் தீர்த்தேன். அவள் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து வாசல் கதவுப் பக்கம் நின்றாள். நான் கதவில் சாய்ந்துகொண்டு வழிமறித்து நின்றேன். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

"எதுக்கு வெட்டின?" என்றேன் கடைசியில்.

"எனக்குன்னு தைச்சேன்னு நீதான சொன்ன. உள்ள போகல. அதான்."

நான் உட்கார்ந்து அழுதேன். அவள் பையை மறுபடி கம்பியில் மாட்டிவிட்டு வந்து, எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஷூ வெட்டுப்பட்டதை மறைக்க, விரல் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்படி கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டோம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் மென்கோனி அளவு நாடாவோடு வருவார். கட்டிலை அளப்பார், ஜன்னலை அளப்பார், அவளை மட்டும் அளக்க மாட்டார். அவர் படிவத்தில் 'நாள் ஒன்றுக்கு எத்தனை முறை அம்மா என்று அழைக்கிறாள்' என்று ஒரு கட்டம் உண்டு. பத்துக்கு மேல் இருந்தால் பிணைப்பு திருப்தி. நெவெனா என்னை லொரெதானா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை, பட்டறையிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் இந்தக் கட்டத்தை அவள் எப்படியோ எட்டிப் பார்த்துவிட்டாள். நான் அவருக்குக் காபி ஊற்றி முடிப்பதற்குள், "அம்மா, சர்க்கரை எங்க அம்மா, அம்மா ஸ்பூன், அம்மா," என்று விரலை மடக்கி மடக்கிப் பதினோரு முறை சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து, "போதுமா?" என்றாள். அவர் 'திருப்தி' என்று எழுதிக்கொண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

சோதனை வருடம் முடிந்தது. வாரியத்தின் முன் விசாரணை, அதில் ஒரு கையெழுத்து, அது விழுந்துவிட்டால் அவள் சட்டப்படி எங்கள் மகள். ஓரெஸ்தே சூட் போட்டுக்கொண்டான். நெவெனா நகத்தை இரண்டு தடவை தேய்த்துக் கழுவினாள்.

'குழந்தையின் குரலே முதன்மையானது' என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. அதனால் குழந்தை அறையில் இருந்தே ஆக வேண்டும், ஆனால் பேசக்கூடாது. கடைசியில் நேரம் இருந்தால் கேட்பார்கள். டாக்டர் பெர்தினி கோப்பைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டார்.

"சின்யோரா, பொண்ணுக்குப் பத்து வயசு எட்டு மாசம்னு இருக்கே."

"ஆமா டாக்டர்."

"உங்க சான்றிதழ் பத்து நிறையாத குழந்தைக்கு."

"வரும்போது நிறையல. நீங்க ஒரு வருஷம் சோதனைன்னு வெச்சீங்க."

"அதுக்குள்ள வளர்ந்துட்டாளே. வளர்றான்னு வாரியத்துக்கு ஏன் தெரியப்படுத்தல?"

"சாப்பாடு போட்டோம், வளர்ந்தா," என்றான் ஓரெஸ்தே.

"எவ்வளவு போட்டீங்க?" என்று பேனாவை எடுத்தார் டாக்டர் மென்கோனி.

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் பெர்தினி கையை உயர்த்தினார். பேச்சு ஆரம்பமானது. "இந்த வாரியத்துக்கு முப்பத்தொரு வருஷப் பாரம்பரியம் இருக்கு சின்யோரா. நாங்க ஒரு குழந்தையைக்கூட அவசரப்பட்டுக் குடுத்ததில்ல. எத்தனையோ குழந்தைங்க எங்க கோப்புல இருந்துக்கிட்டே பெரியவங்களாகி, கல்யாணம் பண்ணி, நல்லா இருக்காங்க. அதுல ஒருத்தர் போன வருஷம் நம்மகிட்டயே தத்தெடுக்க விண்ணப்பம் போட்டிருக்காரு. அவ்வளவு கவனமா செய்யறோம். குழந்தைங்க வரும் போகும். கோப்பு சரியா இருக்கணும்."

"இப்ப என்ன பண்ணணும்னு சொல்லுங்க டாக்டர்."

அவர் முகத்தில் ஒரு கனிவு வந்தது. அந்தக் கனிவை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். இன்னொரு கோப்பைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். அதில் ஒரு சின்னப் பெண்ணின் புகைப்படம் இருந்தது.

"உங்களை வெறுங்கையோட அனுப்பற எண்ணம் எங்களுக்கு இல்ல. இது ஏழு வயசுப் பொண்ணு. உங்க சான்றிதழுக்குப் பொருந்துது. கட்டிலுக்குப் பொருந்துது. கால் அளவுகூட முப்பத்து மூணுதான், பாத்துட்டேன். தைச்சு வெச்ச ஷூவும் வீணாகாது. பதினஞ்சு நாள்ல ஒப்புதல் கையெழுத்துப் போட்டா போதும்."

"இவ?" என்றேன். நெவெனாவைக் காட்டினேன்.

"இவளுக்கு ஏத்த சான்றிதழ் உள்ள குடும்பமாத் தேடுவோம். இப்போதைக்கு யாரும் இல்ல. அதுவரைக்கும் அரசு விடுதில இருப்பா. அவளுக்கு விடுதி பழக்கம்தான, சிரமம் இருக்காது."

நெவெனா சுவர் ஓரப் பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கோயில் மணி ஒன்று அடித்தது. டாக்டர் மென்கோனி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சாப்பாட்டு நேரம். குழந்தையின் குரலுக்கு நேரம் இல்லாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் நெவெனா தன் அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தாள். துணியை மடித்து வைத்தாள். நான் அறை வாசலில் நின்றேன். என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"இந்த டிராயர் ஒட்டிக்கும். கொஞ்சம் மேல தூக்கி இழுக்கணும்னு அவகிட்ட சொல்லு."

"யார்கிட்ட?"

"அந்த ஏழு வயசுப் பொண்ணுகிட்ட. ஓரெஸ்தே காலைல பேச மாட்டாரு, ஆனா கோவம் இல்லன்னு சொல்லு. நீ கத்துவ, அடிக்க மாட்ட. அதை மொத நாளே சொல்லிடு, எனக்குத் தெரிய ரொம்ப நாளாச்சு. அவ ரொட்டி ஒளிச்சு வெச்சா எடுக்காத. என்னைக்காவது தானா நிறுத்திடுவா." கொஞ்சம் யோசித்தாள். "ஷூவைத்தான் வெட்டிட்டேன். அதுக்கு என்ன சொல்லுவ?"

ஓரெஸ்தே என்னைத் தாண்டிக்கொண்டு அறைக்குள் வந்தான். கையில் ரம்பம். கட்டிலின் கால்மாட்டுப் பலகையை அறுக்கத் தொடங்கினான். கோப்பில் ஒட்டிய கட்டில், வாரியம் முத்திரை வைத்த கட்டில். மரத்தூள் முயல் விளக்கு மேலெல்லாம் விழுந்தது. பலகை தனியாக வந்ததும் அதை ஜன்னல் வழியாக முற்றத்தில் எறிந்தான்.

"காலை நீட்டு," என்றான் அவளிடம்.

அவள் நீட்டவில்லை. அன்றும் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் படுத்தாள். மறுநாளிலிருந்து ரொட்டி ஒளித்து வைப்பதையும் நிறுத்திவிட்டாள். இனி இங்கே சேர்த்து வைக்க ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியவள் போல இருந்தாள். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

பதினைந்து நாளும் நான் வாரியத்தின் வாசலில் நின்றேன். டாக்டர்கள் பின் கதவு வழியாகப் போய்வந்தார்கள். பன்னிரண்டாம் நாள் வாயிற்காவலர் நத்தாலே என்னைத் தெருமுனைக் காபிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கட்டிடத்தில் டாக்டர் இல்லாத ஒரே மனிதர் அவர்தான்.

"சின்யோரா, இருபது வருஷமா இங்க கதவைத் திறந்து மூடறேன். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. சான்றிதழ்ல வயசைப் பாத்தீங்க, தேதியைப் பாத்தீங்களா?"

"என்ன தேதி?"

"பின்பக்கம். மூணு வருஷம்தான் செல்லும்."

கைப்பையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நெவெனா எங்கள் வீட்டுக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே அந்தச் சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தது. இவர்கள் பிடித்துக்கொண்டு தொங்கிய அந்தப் 'பத்து வயது', செத்துப்போன ஒரு தாளில் இருந்தது.

பதினைந்தாம் நாள், ஒப்புதல் கையெழுத்துக்கு என்று என்னையும் ஓரெஸ்தேயையும் உள்ளே கூப்பிட்டபோது, அந்தத் தாளைப் பின்பக்கம் மேலே தெரியும்படி டாக்டர் பெர்தினியின் மேசையில் வைத்தேன். பக்கத்தில் முன்பக்கம் வெட்டிய சிவப்பு ஷூவையும் வைத்தேன்.

"டாக்டரம்மா, நான் பள்ளிக்கூடம் தாண்டாதவ. இருபத்தாறு வருஷமா ஷூ தைக்கறேன். பத்தலேன்னா ஷூவை மாத்துவோம். வேற கால் கொண்டு வான்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் நாங்க சொன்னதில்ல."

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. அது கோப்புல பதிவாகும்."

"பதியுங்க. செல்லாத சான்றிதழுக்கு ஒரு பொண்ணை அனுப்பினதையும் கூடவே பதியுங்க."

டாக்டர் மென்கோனி தேதியைப் பார்த்தார், அளவு நாடாவைப் பைக்குள் போட்டார். டாக்டர் பெர்தினி தாளைத் திருப்பி முன்பக்கம் மேலே தெரியும்படி வைத்தார்.

"வாரியம் தப்பு பண்ணாது சின்யோரா. தேதி முந்திக்கிச்சு, அவ்வளவுதான்."

"அப்ப அவளைத் திருப்பி எடுக்கறேன்னு எழுதுங்க பாப்போம்."

அவரால் முடியாது. திருப்பி எடுக்க வேண்டும் என்றால் கொடுத்ததாக எழுத வேண்டும். கொடுத்ததாக எழுதினால் எந்தச் சான்றிதழின் பேரில் என்று எழுத வேண்டும். முப்பத்தொரு வருடப் பாரம்பரியம் அதில் மாட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் தங்களுக்குள் குசுகுசுத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். புதுச் சான்றிதழுக்கு நாங்கள் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அது முடியும் வரை பெண் 'இருக்கும் இடத்திலேயே இருப்பாள்'. விண்ணப்பத்தை நத்தாலேதான் கொண்டுவந்து கொடுத்தார். அதில் 'விரும்பும் வயது வரம்பு' என்று ஒரு கட்டம் இருந்தது.

"பதினெட்டுன்னு போடு," என்றான் ஓரெஸ்தே.

"பதினெட்டா?" என்றார் டாக்டர் பெர்தினி. "அவ்வளவு எதுக்கு?"

"நீங்க யோசிக்க நேரம் வேணுமே," என்றேன்.

ஆக எல்லாம் மறுபடி ஆரம்பித்தது. டாக்டர் மென்கோனி வந்து ஓரெஸ்தேயின் அப்பாவைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். எட்டு சனிக்கிழமை வகுப்புக்கும் நெவெனாவைக் கூட்டிக்கொண்டுதான் போனோம். குழந்தை இல்லாத தம்பதிகள் நடுவில், தன்னை வளர்க்கத் தகுதி உண்டா என்று தெரிந்துகொள்ளும் வகுப்பில், அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். பை மட்டும் இன்னும் கட்டில் கம்பியில்தான் தொங்கியது. சட்டப்படி எதுவும் முடியவில்லை என்பது எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆறாவது சனிக்கிழமை மாவுப் பொட்டலத்தைக் கொடுத்தார்கள். மறுநாள் பகலில் சமையல் மேசையில் அதை வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"இதை என்ன பண்ணணும்?" என்றாள் நெவெனா.

"ஒரு வாரம் பாத்துக்கணும்."

"அப்புறம்?"

"திருப்பிக் குடுத்துடணும்."

பொட்டலத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாப் பாத்துக்கிட்டாலுமா?"

"நல்லாப் பாத்துக்கிட்டாலும்தான்," என்றான் ஓரெஸ்தே. வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

"போன தடவ இனெஸ் அத்தை பிசைஞ்சுட்டாங்கன்னு சொன்னியே. அப்ப எத்தனை மாசம் நிறுத்தி வெச்சாங்க?"

"அஞ்சு மாசம்."

விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். கோப்பு நிற்கும் வரை அவள் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். பதினெட்டு வரை எத்தனை மாதம் என்று அவள் மனதில் ஓடியது எனக்கு அப்படியே தெரிந்தது.

"ரெண்டு பொட்டலமா கேட்டிருக்கலாம்ல," என்றாள்.

எழுந்து போய் முட்டைக் கூடையை எடுத்து வந்தாள். பொட்டலத்தை மேலிருந்து கீழாகக் கிழித்து மேசையில் கொட்டி, நடுவில் குழி பறித்து, ஆறு முட்டையை உடைத்து ஊற்றினாள். ஓரெஸ்தே சட்டைக் கையை மடித்துக்கொண்டான். நான் பாஸ்தா கட்டையை எடுத்துக் கொடுத்தேன். பிசைந்து, உருட்டி, வெட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பட்டைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

மாவு உறையைப் போட ஒரு பை வேண்டும் என்று தேடினேன். நெவெனா தன் அறைக்குப் போய், கட்டில் கம்பியில் தொங்கிய பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். உள்ளே இருந்த பிரஷையும் கம்பளிச் சட்டையையும் எடுத்து நாற்காலியில் வைத்தாள். உறையையும் முட்டை ஓட்டையும் அதில் போட்டு, முடிச்சுப் போட்டு, வெளியே குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்தாள்.

சாப்பிட்டு முடித்தபின் வளர்ப்புப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். எப்போது தூக்கினீர்கள், என்ன பேசினீர்கள் எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டம் 'திருப்பி ஒப்படைத்த தேதி'. பேனா நின்றது. நெவெனா என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டு, கட்டத்தைத் தாண்டிப் போகும்படி பெரிய எழுத்தில் எழுதினாள்.

'தர மாட்டோம்.'

அவள் கையில் ஒட்டியிருந்த மாவு தாள் முழுக்க ஆனது. துடைக்காமல் அப்படியே உறையில் போட்டு டாக்டர் பெர்தினிக்கு அனுப்பிவைத்தேன்.